ரானோ அடைகாத்த கடை முட்டைகள்

ரானோவுக்குக் கோபம் வராது. அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். எனக்கு வருகிற கோபத்தில் கால்வாசி அவளுக்கு வந்திருந்தால் அவள் நிலைமை இன்று வேறாக இருந்திருக்கும் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். என் பக்கத்தில் கிடக்கும் பழைய மாட்டுத் தொட்டியின் மேல் ஏறி நின்றால் அவர்கள் முற்றம் முழுக்கத் தெரியும். ஏறி நிற்பேன். குலோப் நகரத்தை ஒட்டிய கிராமங்களில் எல்லாப் பெண்களும் இப்படித்தான். நான் ஒத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வீட்டுக்காரி ஷரோஃபத் அக்கா, விதவை. ஒரே மகன் இக்ரோம் ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறான். அவன் மனைவிதான் ரானோ. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவர்களுக்கு முனீசா என்று ஐந்து வயதில் ஒரு பெண். இக்ரோம் இரண்டு குளிர்காலத்துக்கு ஒரு முறை வருவான், மூக்கு முட்டப் புலாவு தின்பான், போய்விடுவான். பிறகு அதுவும் நின்றது. அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று ஊரே சொன்னது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பருத்தி எடுத்து முடிந்த சமயத்தில் ஒரு நாள் அவன் தன் தாயின் போனுக்குக் கூப்பிட்டான். ஷரோஃபத் அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாள். ரானோ ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அவளைப் பக்கத்துல வரச் சொல்லும்மா" என்றான். வந்தாள். மூன்று முறை தலாக் சொன்னான். மாவு ஒட்டிய கையோடு அப்படியே நின்றாள். பிறகு போய் மிச்ச மாவையும் பிசைந்து, உருட்டி, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் அறைந்து, ரொட்டி சுட்டு எடுத்தாள். நானாக இருந்தால் அந்தப் போனை அடுப்பில் போட்டிருப்பேன்.

ஷரோஃபத் அக்கா பிசாசு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அன்று சாயங்காலம் அவளும் அழுதாள். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறது.

"இத்தா இருக்கற மூணு மாசம் முடியற வரைக்கும் நீ இந்த வீட்டு மருமவதான்" என்றாள். "அப்புறம் உங்க அண்ணன் வந்து கூட்டிட்டுப் போகட்டும். புள்ள எங்க வம்சம். அது இங்கதான் இருக்கும்."

"மாமி, நானும் இங்கயே ஒரு மூலையில இருந்துக்கறேனே. கொட்டாய் பக்கத்து ரூமு போதும். அண்ணன் வீட்ல எனக்கே எடமில்ல, முனீசாவ அவங்க வாசப்படிய மிதிக்க விட மாட்டாங்க. உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

"ரொட்டிக்கு என்ன பண்ணுவ? அவன் இனிமே உனக்கு அனுப்ப மாட்டான். என் பென்ஷன் எனக்கும் புள்ளைக்குமே இழுத்துக்க பறிச்சுக்க."

"கோழி வளக்கறேன்."

"கோழி எங்கடி இருக்கு?"

அது நியாயமான கேள்வி. அந்த வருஷம் வெள்ளைக்கழிச்சல் வந்து எங்கள் ஊரில் கோழி என்று ஒன்று மிச்சமில்லை. காலையில் சேவல் கூவாத ஊரில் எழுந்திருப்பதே துக்க வீட்டில் எழுந்திருப்பது போல இருந்தது.

"கோழி இல்லாததாலதான் மாமி சொல்றேன்" என்றாள் ரானோ. "வசந்தத்துல நவ்ரூஸ் பண்டிகை சமயத்துல ஊர் முழுக்கக் குஞ்சுக்கு அலைவாங்க. இப்ப அடை வச்சா அதுக்குள்ள பொரிஞ்சிடும்."

ஷரோஃபத் அக்கா யோசித்தாள். "சரி. நவ்ரூஸுக்கு முன்னாடி என் முத்தத்துல உன் குஞ்சு ஓடட்டும். அப்புறம் உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஓடலன்னா உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிடுவேன். அழக் கூடாது."

"அழ மாட்டேன்" என்றாள் ரானோ. சுவருக்கு இந்தப் பக்கம் தொட்டி மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

முட்டைக்குக் காசு சேர்க்கவே அவளுக்குக் குளிர்காலத்தில் முக்கால்வாசி போயிற்று. முட்டைக்கு தவ்ரோன் கடைதான் கதி. நகரத்துப் பண்ணையிலிருந்து அவன் இரண்டு வகை முட்டை கொண்டுவருவான். ஒன்று தின்பதற்கு. இன்னொன்று சேவலோடு விட்ட கோழியின் முட்டை, கொஞ்சம் விலை கூடுதல், உடம்புக்கு நல்லது என்று கிழவர்கள் வாங்குவார்கள். அதை அடை வைக்கக் கேட்டு வந்த முதல் ஆள் ரானோதான். அன்று கடையில் நானும் இருந்தேன். வெயிலில் காட்டி, காதருகே ஆட்டி, விரலால் தடவி, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். பளபளவென்று இருந்ததையெல்லாம் ஒதுக்கினாள்.

"நல்லதை எல்லாம் ஏன் தள்ற?" என்றான் தவ்ரோன்.

"இதக் கழுவியிருக்கீங்க. கழுவுனா மேல இருக்கற பூச்சு போயிடும். அப்புறம் உள்ள அழுகிடும்."

"முட்டைய என்ன, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற?"

"எங்க வீட்ல மாப்பிள்ளைய இப்படிப் பாத்திருந்தா நான் ஏண்ணே இங்க வந்து நிக்கறேன்?"

நானும் சும்மா இருக்கவில்லை. "கடை முட்டையில குஞ்சு வரும்னா, கடையில வாங்குன எலும்புல ஆடு பொறக்குமாடி?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். முட்டைகளைத் துணியில் சுற்றி, குளிர் படாமல் கோட்டுக்குள் மார்போடு வைத்துக்கொண்டு, சறுக்குகிற பனியில் பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்து போனாள்.

பல்பு வைத்த பெட்டியில் குஞ்சு பொரிக்கிறவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள். எங்களுக்குக் குளிர்காலத்தில் கரண்ட் ரேஷன். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், அதுவும் அவர்கள் மனசு வைத்தால். அடைக்கோழியும் இல்லை. ஆகவே ரானோ முட்டைகளைச் சந்தலியில் வைத்தாள். தரையில் குழி, குழியில் கரித்தணல், மேலே குட்டையான மேசை, மேசையை மூடிப் பெரிய ரஜாய். சுற்றி உட்கார்ந்து காலை ரஜாய்க்குள் நீட்டிக்கொண்டால்தான் எங்கள் ஊரில் மனிதர்களே குளிர்காலத்தைத் தாண்ட முடியும். குழியை விட்டுத் தள்ளி, ஒரு மூலையில், ஆட்டு மயிர் பரப்பிய மரத்தொட்டியில் முட்டைகளை அடுக்கினாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

எனக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போகச் சிரிப்பு நின்றது. அவள் கரியை அப்படியே குழியில் போட மாட்டாள். வெளியே முற்றத்தில் வைத்து, நீலச் சுடர் அடங்கி, புகை முழுக்கப் போன பிறகுதான் உள்ளே கொண்டுவந்து சாம்பலால் மூடுவாள். அடிக்கடி ரஜாயின் ஓரத்தைத் தூக்கிவிடுவாள்.

"ஏண்டி குளிரை உள்ள விடற?" என்று கேட்டேன்.

"அதுங்களும் மூச்சு விடணும்ல அக்கா. ஓடு வழியாத்தான் மூச்சு விடுமாம், எங்கம்மா சொல்வாங்க."

சூட்டைப் பார்க்க முட்டையை எடுத்து மூடிய கண்ணிமை மேல் வைத்துப் பார்ப்பாள். இமைக்கு இதமாக இருந்தால் சரி, உறுத்தினால் சூடு அதிகம். அடை வைத்த நாளிலிருந்து அவள் காலை நீட்டிப் படுத்ததில்லை. சந்தலி ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவாள், விழிப்பாள், முட்டைகளைத் திருப்பிவைப்பாள், மறுபடி தூங்குவாள். கண்ணுக்குக் கீழே கரி அப்பிய மாதிரி ஆகிவிட்டது.

"என் வீட்டுச் சந்தலியில என் காலுக்கு எடமில்ல. கடை முட்டைக்கு இருக்கு" என்று ஷரோஃபத் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினாள்.

ஒரு வாரம் போனதும் ஒரு சாயங்காலம் ரானோ என்னைக் கூப்பிட்டாள். விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சின் மேல் ஒரு முட்டையை வைத்தாள். ஓடு செக்கச்சிவக்க எரிந்தது. உள்ளே வேர் விட்டது போலச் சிவப்பு நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி. புள்ளி அசைந்தது. முனீசா "கண்ணு, கண்ணு" என்று கத்தினாள். சில முட்டைகள் வெறுமனே வெளிறித் தெரிந்தன, அவற்றைக் கழித்துவிட்டாள். மீதி எல்லாவற்றிலும் நரம்பு ஓடியிருந்தது.

ஷரோஃபத் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "துடிக்குதுடி" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மூலைப் பக்கம் அவள் காலை நீட்டியதில்லை. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்திருக்கும்போது ரானோ அசந்து தூங்கினால் எழுப்பாமல் தானே முட்டைகளைத் திருப்பிவைப்பாள். கொட்டகையில் கிடந்த பழைய கோழிக்கூட்டை எடுத்து ஓட்டையை அடைத்தாள். ஒரு நாள் சுவரோரம் வந்து என்னிடம், "ஹோஜர், என் மவன் கண்ண எங்க வச்சிட்டுப் போனான்னு தெரியலடி. இவ போனா இந்த வீட்ல எனக்குத் தண்ணி மோந்து குடுக்க யாரு இருக்கா?" என்றாள்.

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ரானோவுக்கும் வந்திருக்க வேண்டும். மாவு பிசையும்போது பாடத் தொடங்கியிருந்தாள். பாட்டு சகிக்காது, ஆனாலும் நான் தொட்டி மேல் ஏறி நின்று கேட்டேன்.

கடை முட்டையில் உயிர் துடிக்கிறது என்று ஊருக்குத் தெரிந்ததும் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சந்தலியைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போனார்கள். பால்காரர் மனைவி மய்ராம் மட்டும், "அடேயப்பா, ஒன்னு விடாம எல்லாத்துலயும் இருக்கே. ரானோ காட்டுல மழைதான்" என்றாள். கண் படாமலிருக்கச் சொல்ல வேண்டிய மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை. ஷரோஃபத் அக்காவின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். மய்ராம் போனதும், "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது" என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் நானும் ரானோவும் பருத்திமார் பொறுக்க வயலுக்குப் போனோம். அடுப்பெரிக்க எங்களுக்கு அதுதான். முட்டையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஷரோஃபத் அக்கா இருக்கிறாள் என்ற தைரியத்தில் அன்று ரானோ நிதானமாகவே கட்டினாள். இன்னும் நான்கைந்து நாளில் ஓடு உடையும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. இஸ்பந்து. கண்ணேறு கழிக்க நாங்கள் தணலில் போடும் காட்டுச்செடி விதை. அது இல்லாமல் எங்களுக்குப் பிறப்பில்லை, கல்யாணமில்லை. குழந்தையைக் கிடத்துவதற்கு முன் தொட்டிலுக்குள்கூட அந்தப் புகையைத்தான் பிடிப்போம். ஷரோஃபத் அக்கா வாசலுக்குக் காட்டி, பசுவுக்குக் காட்டி, முனீசாவின் தலையைச் சுற்றி, கடைசியில் புகைகிற சட்டியை அப்படியே சந்தலிக்குள் முட்டைத் தொட்டியின் பக்கத்தில் வைத்து, ரஜாயை நாலா பக்கமும் இறுக்கிச் செருகிவிட்டிருந்தாள். புகை வீணாகப் போகக் கூடாதல்லவா?

ரானோ தலைச்சுமையை அப்படியே கீழே போட்டாள். ரஜாயைச் சுருட்டி எறிந்தாள். உள்ளேயிருந்து வந்த புகையில் எனக்குக் கண் எரிந்து இருமல் வந்தது. அவள் தலைத்துணியை உருவி விசிறினாள், விசிறினாள், கை ஓய விசிறினாள்.

"நல்லா வெடிச்சுதுடி" என்றாள் ஷரோஃபத் அக்கா, சந்தோஷமாக. "விதை படபடன்னு வெடிச்சுது. அவ்வளவு கண்ணு பட்டிருக்கு. மத்தியானம் லுஹர் தொழுகைலேர்ந்து வச்சிருக்கேன். இனிமே ஒன்னும் அண்டாது."

ரானோ ஒரு முட்டையை எடுத்து இமை மேல் வைத்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "நல்லது மாமி" என்றாள்.

சாயங்காலம் டார்ச்சில் பார்த்தோம். முட்டை முழுக்கக் கறுத்து நிறைந்திருந்தது. அசைவில்லை. இன்னொன்று. இன்னொன்று. "தூங்குதா அம்மா?" என்று முனீசா கேட்டாள். "ஆமாண்டா, தூங்குதுங்க" என்றாள் ரானோ. மறுநாளும் தூங்கின. அதற்கடுத்த நாளும். ஆனாலும் அவள் தணலைச் சாம்பலால் மூடிவைத்தாள், தண்ணீர் மாற்றினாள், ரஜாய் ஓரத்தைத் தூக்கிவிட்டாள், முட்டைகளைத் திருப்பினாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. செத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பவளை எப்படித் தடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பொரிய வேண்டிய நாள் வந்து போயிற்று. ஷரோஃபத் அக்கா தன் மந்தக் காதை ஒவ்வொரு முட்டையிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டாள். மேலும் மூன்று நாள் கழித்து நாற்றம் எடுத்தபோது, நானே தொட்டியைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுவந்து ஒன்றை உடைத்தேன். முழுக் குஞ்சு. இறகு, நகம், கண், மூக்கு நுனியில் ஓட்டைக் கொத்துவதற்கான அந்தச் சின்ன வெள்ளை முள், எல்லாம் இருந்தது. மூச்சு மட்டும் இல்லை. உடைத்த எல்லாவற்றிலும் அப்படியே.

ஷரோஃபத் அக்கா ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு சுவர் ஆணியில் தொங்கிய இஸ்பந்துச் சட்டியைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் குஞ்சைக் கீழே போட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினாள்.

"கடை முட்டை. அப்பவே சொன்னேன். உன் கையில பரக்கத் இல்லடி. நீ தொட்டது எது வெளங்குச்சு? என் மவன் சும்மாவா உன்னை விட்டான்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஷரோஃபத் அக்கா" என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான் சொன்னேன். ரானோ என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. என்னை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்து வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. கோழை என்று மனசுக்குள் திட்டினேன்.

ஷரோஃபத் அக்கா சொல்லி அனுப்ப, ரானோவின் அண்ணன் பழைய கார் ஒன்றில் வந்தான். இறங்கித் தேநீர்கூடக் குடிக்கவில்லை. தெருப் பெண்கள் எல்லாம் வாசலில் நின்றோம். ரானோ ஷரோஃபத் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"மாமி, எல்லாம் என் ராசி. நான் முட்டைய சரியாப் பாத்து வாங்கல. சூடும் சரியா வைக்கல. நீங்க எனக்காக எவ்வளவோ பாத்தீங்க. என்னை மன்னிச்சிடுங்க."

ஷரோஃபத் அக்கா முனீசாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். முனீசா அம்மாவை நோக்கிக் கையை நீட்டி அலறினாள். ரானோ திரும்பாமல் நடந்தாள்.

கார்க் கதவருகே அவள் கையைப் பிடித்தேன். "ஏண்டி இப்படிச் சொன்ன? அந்தப் பொகைதான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா."

"பின்ன?"

"நாளைக்கு என் புள்ள பசிக்குதுன்னா அவங்க கிட்டதான போகும். காய்ச்சல்னா அவங்க மடிலதான படுக்கும். தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு அவங்களுக்கு ஆயிட்டா, புள்ள மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அதான் தோணும். அப்புறம் எப்படி ஆசையாத் தூக்குவாங்க?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் சொல்லிடாதீங்க அக்கா. உங்க வாயி எனக்குத் தெரியும்."

கார் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு, எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். இக்ரோமை, மய்ராமை, அந்த விதையைப் படைத்த மலையை, ஒன்றையும் விடவில்லை. மனசு ஆறவில்லை.

நவ்ரூஸ் அன்று காலை கோதுமைக் களி கொடுக்க ஷரோஃபத் அக்கா வீட்டுக்குப் போனேன். வெயிலில் உட்கார்ந்து முனீசாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். பண்டிகைக்குச் சின்னப் பெண்களுக்குப் போடுவோமே, மெல்லிய மெல்லிய பின்னலாகத் தலை முழுக்க, அது. முனீசா அவள் மடியில் சாய்ந்து, அவள் கொடுத்த வெண்ணெய் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். அம்மா எங்கே என்று கேட்பதைக் குழந்தை நிறுத்தியிருந்தது.

கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"ஹோஜர்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உன்னை ஒன்னு கேக்கறேன். உண்மையச் சொல்லு. அன்னிக்கு நான் போட்ட பொகையாலயாடி இருக்கும்?"

நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன், எழுந்தேன். அவள் விரல்கள் குழந்தையின் தலையில் அப்படியே நின்றிருந்தன, பின்னல் பாதியில்.

"பொகையாவது ஒன்னாவது" என்றேன். "இஸ்பந்தால யாருக்காச்சும் கெடுதல் வந்திருக்கா? கடை முட்டை அக்கா. அதுவும் அவளுக்கு அடை வைக்கவே தெரியல."

ஷரோஃபத் அக்கா மூச்சை விட்டாள். முனீசாவின் உச்சியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கினாள்.